ஆற்றுக்கு வடகரையில் ஒரு பள்ளிக்கூடம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர்)

"எந்த ஊர்?" என்று கல்லூரியில் யாராவது கேட்டால் "எண்ணூர்" என்று சொல்லிவிடுவேன். அது முழு உண்மையன்று. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் தென்கரை கத்திவாக்கம் நகராட்சியாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வடகரையோ திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியம். புகைபோக்கிகள் இரு கரைக்கும் பொது. ஆனால் தென்கரை நகரம், வடகரை கிராமம். நான் வடகரைக்காரன். இராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வரும் நண்பர்கள் "துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிராமமா?" என்று சிரிக்கிறார்கள். வயலும் வரப்பும் இருந்தால்தான் கிராமமா? எங்களுக்குக் கழிமுகமும் உப்பளமும் இறாலும் வாய்த்தன. இறால் மட்டும் இப்போது முன்போல் இல்லை.

அந்த ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி உண்டு. வகுப்பறை இரண்டு, ஆசிரியைகள் இருவர், சென்ற ஆண்டுக் கணக்குப்படி பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இக்கட்டுரையில் வருகிறவர்களோடு நாளைக்கும் ஒரே படகில் ஏற வேண்டியவன் நான்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் வந்ததை நாம் அறிவோம். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும், அதில் பெரும்பாலோர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. பல ஊர்களில் அது காகிதத்தில் மட்டுமே இருந்தது. 2022இல் தமிழ்நாடு முழுவதும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன; 2024இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். எங்கள் தலைமையாசிரியை ஒரு மாலை வீட்டு வாசலில் வந்து நின்று அம்மாவிடம், "உங்க புள்ள காலேஜ் போறானே, அவனைக் குழுவுல போட்டிருக்கேன்" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பட்டதாரி ஆகாத ஒருவனுக்கு இவ்வளவு பெரிய பதவி கிடைத்ததில் அம்மாவுக்குப் பெருமை.

முதல் கூட்டத்துக்குப் பெண்கள் பதினான்கு பேரும் ஆண்கள் இரண்டு பேரும் வந்திருந்தோம். மூன்றாண்டுகளுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுவே எழுத வேண்டும் என்பது சட்டம். தலைமையாசிரியை ஒரு பட்டியலை வாசித்தார்: சுற்றுச்சுவர், கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய், தரைக்கு ஓடு, சுவருக்கு வண்ணம், ஸ்மார்ட் போர்டு. எல்லாரும் தலையாட்டினோம். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த இருளர் குடியிருப்புப் பாட்டி ஒருவர் மட்டும் கேட்டார்: "செவுரு கட்டி இன்னா பண்றது டீச்சர்? உள்ள புள்ள வரணுமே!"

யாரும் பதில் சொல்லவில்லை. சுற்றுச்சுவருக்கு நிலத்தின் ஆவணம் வேண்டும், அதைத் தேடு என்று என் தலையில் கட்டிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

இரும்பு அலமாரியில் நில ஆவணம் கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. கரையான் ஓரங்களைத் தின்றுவிட்ட ஒரு நீள நோட்டு. அட்டையில் "நன்கொடைப் பதிவேடு" என்று மசியால் எழுதியிருந்தது. முதல் பதிவு 1959. மண்ணைத் தோண்டாமலே கல்வெட்டு அகப்பட்டதுபோல் வரலாற்று மாணவனாகிய எனக்கு மகிழ்ச்சி. கல்வெட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பித்த மண்டபம் ஒன்று இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. பாணினிக்குச் சிவபெருமானே அங்கு இலக்கணம் உரைத்தார் என்று தலபுராணக் கதையும் உண்டு. அந்த மண்டபத்துக்கு யார் யார் நிலம் கொடுத்தார்கள் என்பதை ஆராய்ந்து எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்குத் தண்ணீர்ப் பானை கொடுத்தவனை எழுத நான் ஒருவன்தான்.

அந்த நோட்டைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலம். ஊர்தோறும் பள்ளி திறக்க அரசு முனைந்தது; திறந்த பள்ளிகளில் உட்காரப் பலகையும் எழுதக் கரும்பலகையும் இல்லை. அப்போதுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பிறந்தது. ஊரார் கூடித் தம் பள்ளிக்கு எது குறை என்று தாமே பட்டியல் போட்டு, எதை யார் கொடுப்பது என்று பேசி, அதை மாநாடு கூட்டி ஒப்படைப்பது அதன் முறை. முதல் சீரமைப்பு மாநாடு 1958இல் கூடியது சென்னையிலோ மதுரையிலோ அன்று; திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் கடம்பத்தூர் என்னும் சிற்றூரில். அன்று எங்கள் ஊரும் கடம்பத்தூரும் ஒரே செங்கற்பட்டு மாவட்டம். ஓராண்டுக்குள் அந்தச் செய்தி ஆற்றங்கரை வரைக்கும் வந்திருக்கிறது என்பதற்கு இந்த நோட்டுத்தான் சான்று.

பதிவுகளில் சிலவற்றை அப்படியே சொல்கிறேன். "பெஞ்சு 2 – ஊர்ப் பஞ்சாயத்தார்." "சுவர்க் கடிகாரம் 1 – மீன் ஏலக்காரர்." "தண்ணீர்ப் பானை 2, குவளை 4." "ஒரு நாள் இறால் வரும்படி – கட்டட ஓலைக்காக." இந்தக் கடைசிப் பதிவின் எதிரே இருக்கும் கைரேகை என் ஆயாவின் அப்பாவுடையது. ஆயா அப்போது மூன்றாம் வகுப்பு. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ரேகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு நைனா வெறும் கையோட வந்தாரு, அம்மா ஒரே சண்டை" என்றார்.

மதிய உணவின் கணக்கும் அதில் இருக்கிறது. நம் கல்லூரித் தோழர்கள் பலர் மதிய உணவு 1982இல் சத்துணவாகத் தொடங்கியது என்று எண்ணுகிறார்கள். சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டது. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். காமராசர் காலத்தில் 1956இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தொடக்கத்தில் ஊரார் நன்கொடையே முதல். பின்னர் அரசு மானியம் வந்தபோது ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றும், அதில் ஆறு காசு அரசு தரும், நாலு காசு ஊர் தர வேண்டும் என்றும் ஏற்பாடு. எங்கள் ஊரில் அந்த நாலு காசைச் சில மாதம் மீனாகக் கொடுத்திருக்கிறார்கள். "மீன் வரவு" என்று தனிப் பத்தி போட்டு ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலமே காலம்" என்று நான் பெருமூச்சு விடப்போவதில்லை. நோட்டில் ஓர் இருளர் பெயரும் இல்லை. அவர்களிடம் கொடுக்க ஏதும் இல்லை என்று யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததாகவும் ஆயாவுக்கு நினைவில்லை. கொடுத்தால்தான் பள்ளி என்றால் கொடுக்க இயலாதவன் பிள்ளை எங்கே போவான்? இன்று பள்ளி என்பது பிள்ளையின் உரிமை. கிலோமீட்டர் தூரத்துக்குள் தொடக்கப் பள்ளி, அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று சட்டமே கூறுகிறது. தானத்தைவிடச் சட்டம் மேல் என்பதே என் கட்சி. ஆயினும் ஒரு வேறுபாடு என்னை உறுத்துகிறது. இறால் பணத்தைக் கொடுத்தவன் மறுநாள் பள்ளி வாசலில் நின்று, "ஓலை போட்டாச்சா?" என்று கேட்டிருப்பான். இன்று கேட்பவர் யார்?

எங்கள் பள்ளியில் ஒரு கணினி இருக்கிறது. ஆண்டு வருமானத்தில் பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறதல்லவா, அந்த வகையில் ஒரு தொழிற்சாலை கொடுத்தது. கணினியைவிட அதைக் கொடுத்தவர் பெயர்ப் பலகை பெரிது. புயல் வெள்ளம் வந்த 2023 டிசம்பரில் அது நனைந்தது. அதன்பின் வாய் திறக்கவில்லை. அதே டிசம்பரில்தான் கழிமுகம் முழுதும் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்து, ஊரே வேலையற்றுக் கிடந்தது. கணினியைப் பற்றி நினைக்க எவருக்கும் நேரமில்லை என்பதும் உண்மையே.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? ஆங்கிலப் பள்ளி வேன் ஊருக்குள் வருகிறது. என் சித்தியின் மகன் அதில்தான் போகிறான். "தமிழ்ல படிச்சு நீ இன்னா கலெக்டரா ஆயிட்ட?" என்று சித்தி கேட்டால், நான் பாடப் புத்தகத்தைத் தேடுவதுபோல் எழுந்து போய்விடுவேன். சட்டம் தனியார் பள்ளியில் நூற்றுக்கு இருபத்தைந்து இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது; அது நல்லதுதான். ஆனால் அந்த இருபத்தைந்தில் எங்கள் பள்ளியின் ஐந்தாறு பேரும் அடக்கம். 2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்கப் போவதாகச் செய்தி வந்தபோது எங்கள் ஊரில் அதைக் கவனித்தவர் இல்லை. இப்போது கவனிக்கிறோம்.

வேனில் போகிறவர்கள் எங்கோ படிக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. எங்கும் படிக்காதவர்கள் இருக்கிறார்களே! இருளர் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவே துறைமுகத்துக்குப் போகும் சாலை. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலை அது. தாய்மார் விடியுமுன் ஆற்றில் இறங்கி, பல்லில் பறியைக் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள். எட்டு மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட வீட்டில் ஆள் இல்லை. பள்ளியில் அதே எட்டு மணிக்குக் காலை உணவு சுடச்சுட இருக்கிறது. அது 2023 ஆகஸ்டில் கிராமப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022இல் தொடங்கியதும் எங்கள் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கத்துப் பள்ளியில். உணவும் பாடமும் சாலைக்கு இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம்.

அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசினோம். நான் நோட்டைப் படித்துக் காட்டினேன். கைரேகையைப் பார்க்க எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். பேச்சு சண்டையாகி, சண்டை முடிந்தபோது பட்டியல் தலைகீழாக மாறியிருந்தது. முதல் ஆண்டில், காலையும் மாலையும் பிள்ளைகளைச் சாலை கடத்த ஓர் ஆள். இரண்டாவது கழிப்பறைக்குத் தண்ணீர். சுவரும் வண்ணமும் மூன்றாம் ஆண்டுக்குப் போயின. தலைமையாசிரியைக்கு வருத்தம்தான். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க சுவரைத்தானே பார்ப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

பணம்? முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது விதி. அதில் சுண்ணக்கட்டியும் துடைப்பமும் வாங்கியது போக ஓர் ஆளுக்குச் சம்பளம் தர முடியாது, தரவும் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போனோம். மீன் ஏலத்திலிருந்து மாதம் மூவாயிரம் தர ஒப்புக்கொண்டார்கள், ஓராண்டுக்கு மட்டும். சாலை கடத்தும் வேலைக்கு இருளர் குடியிருப்புப் பெண் ஒருவரையே வைக்க வேண்டும் என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பஞ்சாயத்தார் முகம் சுளித்தார்கள். ஏலப் பணம் இறாலிலிருந்தும் வருகிறது, இறால் யார் கையிலிருந்து வருகிறது என்று ஓர் அம்மா கேட்ட பிறகு சுளித்த முகம் தானே நேரானது.

சென்ற ஜூனில் அவர் சிவப்புக் கொடியோடு சாலையில் நின்றார். பள்ளியில் ஐந்து பேர் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டதால் பதினெட்டுப் பேர் மிச்சம். புதிதாக எட்டுப் பேர் சேர்ந்தார்கள், அவர்களில் ஆறு பேர் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். ஆக இருபத்தாறு. ஒருவனுக்கு ஒன்பது வயது, இப்போதுதான் முதல் எழுத்து எழுதுகிறான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதால் நான்காம் வகுப்பில் இருக்கிறான், அ எழுதிக்கொண்டு. அவனுக்குத் தனியே சொல்லிக் கொடுக்க ஞாயிறுகளில் நான் போகிறேன். தண்ணீர்க் குழாய்க்கு மனு கொடுத்தாயிற்று.

பழைய நோட்டின் கடைசிப் பதிவு 1967. அதற்குப் பின் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. தலைமையாசிரியை அதிலேயே தொடர்ந்து எழுதச் சொன்னார். "சாலை கடத்தும் ஆளுக்கு, ஏல வரவிலிருந்து, ரூ. 3000" என்று நான்தான் எழுதினேன். அதற்கு அடுத்த வரியில் பாட்டி ஒரு கைரேகை வைத்தார். அவர் கொடுத்தது பள்ளிக் கூரையில் காக்காய் உட்காராமல் கட்ட ஒரு பழைய வலை. ஆயாவிடம் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் கெடக்கட்டும், அந்த செவுத்துக் கடிகாரம் எங்க போச்சு, கேட்டியா?" என்றார். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறேன்.