தரங்கம்பாடி மணலிலே

தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, 1718-ல் பிரதிஷ்டையான புது எருசலேம் ஆலயத்துக்கு நடந்தோம். சீகன்பால்கு அங்கேதான் துயில்கிறார். 1706-ல் வந்திறங்கிய அந்த ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பயின்றார். பிறகு தாமே பள்ளிகளும் நிறுவினார்.

கிறிஸ்துவ ஆரம்பப் பள்ளிகளில் வேதபாடத்துக்கென்று தனி நேரம் உண்டு. பக்தி அதற்குள்ளேயே அடங்கிவிடுமா? எழுத்துப் பாடத்தில் பணிவும், கணக்கில் நேர்மையும் வளரவேண்டும். பூகோளத்தில் கடலைக் காட்டும் உபாத்தியாயர், 2004-ல் அக்கடல் இக்கரையில் கொண்டுபோன உயிர்களை எப்படி மறைப்பார்? குழந்தை, "ஏன்?" என்று கேட்கும். விடை சொல்ல அவசரப்படாமல், அதன் அருகே அமர்ந்து கைகூப்புவதே அப்போது பாடம். மணலில் மாணாக்கராய் அமர்ந்த பாதிரியார் காட்டிய வழியும் அதுவே அல்லவா?