காற்றுக்குப் பிடி கொடுத்த பனி

1998ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மழை பெய்யத் தொடங்கியது. இடி இல்லை, சூறாவளியும் இல்லை. ஆயினும், அந்த மழை விழுந்த இடமெல்லாம் கண்ணாடிபோல் உறைந்தது. மரக்கிளைகள், கூரைகள், மின்கம்பிகள் என எல்லாவற்றின் மீதும் பளபளக்கும் பனிக்கட்டி படிந்தது. முதல் நாள் பார்த்தவர்களுக்கு அக்காட்சி அழகாகவே தோன்றியிருக்கும். மழையோ ஆறு நாள்வரை விட்டுவிட்டுப் பெய்தது.

இதனை உறைமழை என்பர். வானிலிருந்து விழும் பனி, வழியில் உள்ள வெப்பக் காற்றில் உருகி மழைத்துளியாகிறது. தரையை ஒட்டிய குளிர்காற்றில் அத்துளி உறைநிலைக்கும் கீழே குளிர்கிறது. எனினும், நீராகவே இருக்கிறது. ஏதேனும் ஒரு பொருளைத் தொட்டதும் உறைந்து அதனுடன் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு துளியின் எடை மிகச் சிறிது. ஆனால், துளிகள் சேர்ந்தால் என்ன ஆகும்? 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மின்கம்பியைச் சுற்றி 30 மில்லிமீட்டர் தடிப்பில் பனி படிவதாகக் கொள்வோம். ஒவ்வொரு மீட்டர் கம்பியும் ஏறத்தாழ 5 கிலோகிராம் பனியைச் சுமக்க வேண்டும். இரண்டு கோபுரங்களுக்கு இடையே 400 மீட்டர் தூரம் இருந்தால், ஒரு கம்பியின் மீது மட்டும் 2 டன் பனி தொங்கும். ஒரு கோபுரமோ பல கம்பிகளைத் தாங்குகிறது.

எடை மட்டுமே ஆபத்தன்று. பனி படிந்த அந்தக் கம்பியின் விட்டம் 30 மில்லிமீட்டரிலிருந்து 90 மில்லிமீட்டராகிறது. ஆகவே, அதே வேகத்தில் வீசும் காற்று ஏறக்குறைய மூன்று மடங்கு விசையுடன் அதைத் தள்ளும். காற்றின் வேகம் இரு மடங்கானால், விசை நான்கு மடங்காகும். மின்கோபுரங்கள் இடைவெளிகளோடு அமைக்கப்படுவதால் காற்று அவற்றின் ஊடே புகுந்து செல்கிறது. பனி படியும்போது இரும்புச் சட்டங்கள் தடிக்கின்றன, இடைவெளிகள் குறுகுகின்றன. காற்றுக்கு வழிவிட்ட கோபுரம், காற்றை எதிர்த்து நிற்கும் சுவராக மாறத் தொடங்குகிறது. கம்பியின் ஒரு பக்கத்தில் மட்டும் பனி படிந்தாலோ, மிதமான காற்றுகூட அதை மேலும் கீழுமாகத் துள்ளச் செய்யும்.

கியூபெக்கில் கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒரு கோபுரத்தின் இருபுறமும் உள்ள கம்பிகள் அதைச் சமமாக இழுக்கும்வரை அது நிமிர்ந்து நிற்கும். அருகிலுள்ள கோபுரம் விழுந்துவிட்டால், அந்தச் சமநிலை குலைகிறது. விழும் கோபுரம் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு விழுகிறது.

கிழக்குக் கனடாவில் 4 மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரம் இன்றித் தவித்தனர். கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரமே. அதனால், விளக்கோடு வெப்பமும் போயிற்று. மக்கள் பள்ளிகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கினர். உதவிக்கு 15,000க்கும் மேற்பட்ட இராணுவ வீரர்கள் வந்தனர். சிலருக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. உயிரிழப்புகளும் ஏற்பட்டன.

அக்கோபுரங்களை வடிவமைத்த பொறியாளர்கள் பனியை மறந்துவிடவில்லை. இவ்வளவு பனி சேரும் என்றுதான் அவர்கள் கருதவில்லை. மெல்லிய மயிலிறகேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் சொன்னது இங்கு நினைவுக்கு வருகிறது.

அந்தத் துயரத்திற்குப் பின், மின்தடங்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் மிக வலுவான கோபுரங்கள் நிறுவப்பட்டன. தொடர்ந்து சாயும் கோபுரங்களை அவை தடுத்து நிறுத்தும். லெவி என்னும் நகரில், மிகுதியான மின்னோட்டத்தைச் செலுத்திக் கம்பிகளைச் சூடாக்கிப் பனியை உருக்கும் கருவியும் அமைக்கப்பட்டது.

எதுவுமே விழாது என்று எந்தப் பொறியாளராலும் உறுதி கூற முடியாது. ஆனால், ஒன்று விழும்போது மற்றவை அதனோடு சேர்ந்து விழாதபடி காக்க முடியும். கியூபெக் மக்கள் இருளிலும் குளிரிலும் கழித்த நாள்கள் கற்றுத் தந்த பாடம் அதுவே.