வெள்ளைச் சுவர், மரக் கதிரை, ஏழு பேர்ச்

'ஸ்கண்டிநேவியன் ஸ்டைல்' என்று போனில் தேடினால் வரும் படங்கள் எல்லாம் ஒரே வீட்டில் எடுத்தவை போலவே இருக்கும். வெள்ளைச் சுவர். வெளிர் நிற மரத்தில் மேசை, கதிரை. திரைச்சீலை இல்லாத பெரிய யன்னல். மூலையில் ஒற்றைச் செடி. இந்தப் படங்களை சேவ் பண்ணி வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். நாங்களும் அதில் சேர்த்தி.

நாங்கள் மூன்று பேர், ஒரே வீட்டுப் பிள்ளைகள். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் வளர்ந்தவர்கள். வேலைக்கும் படிப்புக்குமாக பதுளை டவுனில் ஒரு மேல்மாடி வீட்டை ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்தோம். "சுவரை இடிக்காம என்ன வேணும்னாலும் செஞ்சுக்குங்க" என்று வீட்டுக்காரர் சொன்னதும் போனில் இருந்த படங்கள் எல்லாம் வெளியே வந்தன. "லயத்துல பொறந்துட்டு சுவீடன் கேக்குதா உங்களுக்கு?" என்று மாமா கேட்டார். கேலிதான், ஆனாலும் யோசிக்க வேண்டிய கேள்வி. ஏன் எங்களுக்கு இந்தப் படங்கள் இவ்வளவு பிடிக்கிறது?

பதில் லயத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முன்னால் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய லயமென்றால் பின்பக்கம் யன்னலே வைக்க முடியாது, அது அடுத்த வீட்டுச் சுவர். மிலாறு எரித்து சமைத்த புகை வெளியே போக வழியில்லாமல் சுவரில் படிந்து கறுத்துப் போயிருக்கும். பகலிலும் பல்ப் எரிய வேண்டும். வீட்டுப்பாடம் எழுத வெளிச்சம் தேடி இஸ்தோப்புக்கு வந்து, மழை பெய்தால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வளர்ந்தவர்களுக்கு, வெள்ளைச் சுவரும் பெரிய யன்னலும் ஆடம்பரமாகத் தெரியாது. லயத்தில் என்னவெல்லாம் இல்லையோ, அதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் தேடிப் படித்தோம். அந்த ஸ்டைல் பிறந்த கதையும் பணக்காரர் கதை மட்டும் இல்லை. 1899இல் எலன் கேய் என்ற சுவீடன் எழுத்தாளர் 'எல்லோருக்கும் அழகு' என்ற பொருளில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தொழிலாளியின் வீடும் வெளிச்சமாக, எளிமையாக, அழகாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். பிறகு 1965க்கும் 1974க்கும் இடையில் பத்து லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தை சுவீடன் அரசு நடத்தியது. நாம் போனில் பார்க்கும் வெள்ளைச் சுவருக்குப் பின்னால் இப்படி ஒரு அரசியலும் இருக்கிறது. படங்களில் அது தெரிவதில்லை.

சரி, அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கலாமா? அதுதான் முடியாது. காரணம் சூரியன்.

ஸ்டொக்ஹோமில் டிசெம்பரில் பகல் ஆறு மணித்தியாலம்தான். நண்பகலிலும் சூரியன் அடிவானத்தில் இருந்து ஏழு பாகைக்கு மேல் பெரிதாக ஏறாது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் பக்கவாட்டில் வருகிறது. அதைப் பிடித்து உள்ளே இழுக்கத்தான் பெரிய கண்ணாடி, அதை அறை முழுக்கப் பரப்பத்தான் வெள்ளைச் சுவர், சூடு வெளியே போகாமல் இருக்கத்தான் இரட்டைக் கண்ணாடி, கம்பளி விரிப்பு எல்லாம். பதுளை பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மத்தியான வெயில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அவர்கள் வெளிச்சத்தைச் சேமிக்கிறார்கள். நாங்கள் அதை வடிகட்டித்தான் உள்ளே விட வேண்டும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் மேசன் பாஸ் எங்களை மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். பின்னேரம் மூன்று மணி. "தம்பி, இதுல கைய வச்சுப் பாருங்க." வைத்த கையை உடனே எடுத்தோம். "இந்தப் பக்கம் பெரிய கண்ணாடி போட்டா ராவைக்கும் தூங்க மாட்டீங்க" என்றார். அந்த வீட்டில் நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்தச் சுவரில் இருந்துதான் ஆரம்பித்தன.

மேற்கு யன்னலுக்கு வெளியே இரண்டடி நீட்டி தகரத்தில் ஒரு கூரை இறக்கினோம். வடக்கு யன்னலையும் தெற்கு யன்னலையும் திறந்தால் காற்று குறுக்கே போகும்படி நடுவில் நின்ற அலுமாரியை நகர்த்தினோம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, அதிக பலன் தந்ததும் அதுதான். சூடான காற்று மேலேதான் போகும் என்பதால் சீலிங்குக்குக் கீழே அடைத்துக் கிடந்த காற்றுத் துவாரங்களைத் திறந்து வலை அடித்தோம். வெள்ளை பெயின்ட் உள்ளே அடித்ததைவிட கூரைத் தகட்டுக்கு மேலே அடித்ததால்தான் வீடு குளிர்ந்தது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

உள் சுவருக்கு பளபளக்கும் பெயின்ட் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பதுளைச் சுவர்கள் ஈரம் குடிக்கும். மூச்சுவிடாத பெயின்டுக்குள் அந்த ஈரம் அகப்பட்டால் உரிந்துவிடும், பூஞ்சணம் பிடிக்கும். சுண்ணாம்பு அப்படியில்லை. ஈரத்தை வெளியே விடும், காரத்தன்மையால் பூஞ்சணத்தையும் தடுக்கும். தீபாவளிக்கு முதல் வாரம் லயத்தில் அம்மாமார் அடித்ததும் இதே சுண்ணாம்புதான். வெள்ளைச் சுவருக்கு நாங்கள் சுவீடன் வரை போயிருக்கத் தேவையில்லை போல.

மரச்சாமான் விஷயமும் இப்படித்தான். பைன் பலகை பார்க்க அழகு, ஆனால் சும்மா விட்டால் இந்த ஈரத்தில் கரையானும் பூஞ்சணமும் சாப்பிட்டுவிடும். தேயிலைக்கு நிழல் கொடுக்க நட்ட கிரெவில்லியா மரத்தின் பலகைக்கு மருந்து ஏற்றி மேசை செய்தோம். நிறமும் வெளிர்தான். கம்பளி விரிப்பை விட்டுவிட்டு பன்பாய் வாங்கினோம்.

இதே மாகாணத்தில் எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பதுளை டவுன் சுமார் 680 மீற்றர் உயரத்தில் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேல். அங்கே பனிமூட்டத்தில் காலை வெயில் உள்ளே வந்தால் சந்தோஷம்தான். ஆடி ஆவணியில் அடிக்கும் வறண்ட கச்சான் காற்றுக்கு அந்தப் பக்கத்து யன்னல் சின்னதாக இருப்பது நல்லது.

இப்படி இடத்தைப் பார்த்து வீடு செய்வதை எங்களுக்கு முன்பே செய்த ஒரு ஸ்கண்டிநேவியர் இருந்தார். உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க் கட்டடக் கலைஞர். 1958இல் கண்டிக்கு வந்து மினெட் டி சில்வாவிடம் வேலை செய்தார், பிறகு ஜெஃப்ரி பாவாவோடு சேர்ந்தார். 1967 வரை இங்கேதான். டென்மார்க் வீட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. இந்த நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரைந்தவர்களில் அவரும் ஒருவர். அகன்ற கூரை, இஸ்தோப்பு, நடுமுற்றம் என்று இங்கிருந்ததையே புதிதாகச் செய்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பாவாவும் அவரும் சேர்ந்து செய்த, கருங்கல் சுவர் வைத்த சிற்றாலயம் பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்தில் இருக்கிறது. அதற்கு நேர்மாறாக, அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை இங்கிலாந்தை அப்படியே மலையில் இறக்கி வைத்தது போல நிற்கும். அந்தக் காலத்தில் சுற்றியிருந்த தேயிலைக்குள் கொழுந்து பறித்தவர்கள் லயத்தில்தான் இருந்தார்கள்.

வீடு முடிந்ததும் அம்மா பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்தார், காற்று வருதுன்னு சொன்னார். சாமி படத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனவர் நின்றுவிட்டார். "ஆணி அடிக்கலாமா? யார்ட்ட கேக்கணும்?"

அறுபது வயது வரை அவர் வாழ்ந்த வீட்டில் அப்படித்தான். ஒரு யன்னலைப் பெரிதாக்க, பின்னால் குசினி இறக்க, தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது, பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயக் காம்பராவுக்கான காணி உறுதி மட்டும் அங்கே இருந்தவர்கள் கைக்கு வரவில்லை. உறுதி இல்லாத வீட்டில் ஸ்டைலைப் பற்றி யார் யோசிப்பார்கள்? நாங்கள்கூட ஒரு வீட்டுக்காரரின் பெரிய மனதில்தான் இதைச் செய்திருக்கிறோம்.

இப்போது தோட்டங்களில் தனி வீடுகள் வருகின்றன. மத்திய, ஊவா மாகாணங்களுக்கு இந்திய உதவியில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000 வீடுகள். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி நிலம். லயத்தோடு பார்த்தால் பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பிளான் எல்லா மலைக்கும் போகும்போது யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, மழைத்தண்ணி எங்கே ஓடுகிறது என்று யாராவது கேட்க வேண்டும். ஊவாவில் வீட்டுக்கு முதல் கேள்வி மண்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நம்மில் யாரும் மறக்கவில்லை.

அதனால் இதை வாசிக்கும் தோட்டத்துத் தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குக் காணி அளக்க வரும்போது அம்மா அப்பாவோடு நீங்களும் போய் நில்லுங்கள். மண் பரிசோதனை நடந்ததா, கான் எங்கே வரும், வெயில் எந்தப் பக்கம், உறுதி யார் பெயரில், எப்போது கையில் வரும் என்று கேளுங்கள். அம்மாவின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சுவருக்கு என்ன நிறம் என்பதை பிறகு ஆறுதலாக நீங்களே முடிவு செய்யலாம்.