எண்களில் பிறக்கும் வீரன்

'ஃபுட்பால் மேனேஜர்' என்னும் கணினி விளையாட்டில் மூத்த வீரர்கள் ஓய்வுபெற்றுச் செல்லச்செல்ல, கணினியே புதிய இளைஞர்களைப் படைத்துவிடுகிறது. பட்டியலிலிருந்து ஒரு பெயர்; பந்தைப் பற்றும் திறன், எட்டும் உயரம் முதலியவற்றுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண். வகுப்பறை மணம் வீசும் முறைதான்!

சிலாங்கூரின் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் நெடிய கைகளைக் கண்டு மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றழைத்தனர். அக்கைகளுக்கு 20 வழங்கலாம். ஆனால், 1980 ஏப்ரல் 6ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற பின்னரும், நாடு அப்போட்டியைப் புறக்கணித்தமையால் அவரும் தோழர்களும் செல்லவில்லை. 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார். கணினி படைத்த காவலனுக்குக் காயமுண்டு, ஓய்வுண்டு; வென்றும் போகாதிருந்த அந்த ஆண்டிற்கு அவனிடம் கட்டமில்லை.