வெள்ளம் எப்போது வரும், எவ்வளவு வரும்: இரண்டும் ஒரே கேள்வி இல்லை



மாரியில் மகாவலி பெருகும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் கேட்கிற பேச்சு, "அறிவித்தல் பிழை". என்ன பிழை என்று கேட்டால் ஒருவர் நேரத்தைச் சொல்வார், மற்றவர் அளவைச் சொல்வார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் பிரித்துப் பார்ப்போம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை, மேலே மனம்பிட்டியில் அளந்த ஆற்றுமட்டம் போன்றவற்றைக் கணினிக்குக் கொடுத்து, கீழே எவ்வளவு தண்ணீர் எப்போது வரும் என்று கணித்துப் பார்க்கிறார்கள். பிறகு அந்தக் கணிப்பை உண்மையில் ஓடிய தண்ணீரோடு ஒப்பிட்டுப் புள்ளி போடுகிறார்கள். சிக்கல் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

ஐந்து நேரங்களில் உண்மையான மட்டம் 2, 2, 6, 2, 2 அடி என்று வைப்போம். முதலாவது கணிப்பு 2, 2, 2, 6, 2. வெள்ளம் வரும் என்றது, உயரமும் சரி, ஒரு படி பிந்திவிட்டது. இரண்டாவது கணிப்பு 2, 2, 2, 2, 2. அதாவது வெள்ளமே இல்லை. வித்தியாசங்களை வர்க்கித்துக் கூட்டுங்கள். முதலாவதற்கு 32, இரண்டாவதற்கு 16. வெள்ளமே வராது என்றவருக்குப் பாதிப் பிழைதான்! பிந்திய கணிப்புக்கு இரண்டு முறை அடி விழுகிறது: உச்சம் வந்த நேரத்தில் குறைவாகச் சொன்னதற்கு ஒன்று, வராத நேரத்தில் கூடச் சொன்னதற்கு ஒன்று.

இது விளையாட்டுக் கணக்கு இல்லை. 1970இல் நாஷ், சட்கிளிஃப் என்ற இருவர் தந்த அளவுகோல் இன்றும் உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது. அதில் 1 என்றால் முழுச் சரி. எங்கள் உதாரணத்தில் முதலாவதற்கு −1.5, இரண்டாவதற்கு −0.25. பிள்ளைகளுக்கு இப்படிப் புள்ளி போட்டால் பெற்றோர் பாடசாலைக்கே வந்துவிடுவார்கள்.

2011இல் ஜேர்மனியில் ஏரெட், சேஹே என்ற இரு ஆய்வாளர்கள் வேறு வழி சொன்னார்கள். ஒரே நேரத்துப் புள்ளிகளை ஒப்பிடாமல் ஏறுமுகத்தை ஏறுமுகத்தோடும் இறங்குமுகத்தை இறங்குமுகத்தோடும் பொருத்துவது. அப்போது எத்தனை மணித்தியாலம் தவறியது, எவ்வளவு உயரம் தவறியது என்று இரண்டு விடை தனித்தனியாக வரும். வரைபைக் கண்ணால் பார்க்கிற எவரும் செய்வது இதைத்தானே!

பிரிப்பதால் என்ன பயன்? காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு. அணைக்கதவு திறந்த நேரம் கணக்கில் சரியாக ஏறாவிட்டாலோ, மனம்பிட்டிக்குக் கீழே உள்ள வில்லுகள் தண்ணீரைப் பிடித்து வைப்பதைக் கணினி சரியாகக் காட்டாவிட்டாலோ நேரம் தவறும். உச்சத்தையும் அது கொஞ்சம் மாற்றும் என்பது வேறு விஷயம். மழையளவு பிழைத்தால் உயரம் தவறும். இன்னொன்று, ஆற்றுமட்டத்தை நீரோட்டமாக மாற்றுகிற அட்டவணை சாதாரண நாட்களில் அளந்து செய்தது. பெருவெள்ளத்தில் அது வெறும் ஊகம்தான்.

எங்களுக்கு எந்தப் பிழை ஆபத்து? எங்கள் கருத்து, நேரப்பிழை. அதிலும் சொன்னதற்கு முந்தி வருகிற தண்ணீர். அரை அடி கூட வந்தால் சாமான் நனையும். விடியச் சொன்ன வெள்ளம் நடுச்சாமத்தில் வந்தால் மூத்தம்மாவை யார் தூக்குவது, மாட்டை யார் அவிழ்ப்பது? ஆகவே அறிவித்தலில் "இத்தனை அடி" என்பதோடு "இத்தனை மணிக்கு, இவ்வளவு முன்பின்" என்பதும் வரவேண்டும் என்று கேட்போம்.

நாமும் ஒன்று செய்யலாம். 2025 நவம்பர் டித்வா வெள்ளத்தின் படங்கள் போனில் இருந்தால் அழிக்க வேண்டாம். சுவரில் உள்ள கறை உயரத்தை மட்டுமே காட்டும், படத்தில் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதி உதவாது, எடுத்தவரின் போனில் உள்ள மூலப்படமே வேண்டும். இடம், நேரம், தண்ணீர் எத்தனையாம் படிவரை வந்தது என்ற மூன்றையும் கீழே கொமெண்டில் எழுதுங்கள். உயர்தர மாணவர்களோடு சேர்ந்து அட்டவணையாக்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.