மானிப்பாய்க் கிணறும் பன்றித் தொட்டியும்

மருதடி விநாயகரைத் தரிசித்து மானிப்பாயைச் சுற்றி வருவோர் வற்றாத ஆறெதனையும் காணார். குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் கிணறே கதி. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தேங்கியதே அந்நீர்.

இங்கே பன்றி வளர்க்க எண்ணுபவர் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தல் வேண்டும். பன்றிக்கு வியர்த்து உடல் குளிர வழியில்லை. வெயிலேற ஏறத் தண்ணீரைத் தேடும். ஒரு கிலோ தீனிக்கு 2 அல்லது 3 லீற்றர் குடிக்கும். பாலூட்டும் தாய்க்கோ நாளொன்றுக்கு 20 லீற்றருக்கு மேலும் வேண்டும். பெரும்பாலும் தீனி வேளையை ஒட்டியே குடிக்கும். குடித்ததும் சும்மா இராது. தொட்டியைக் கவிழ்த்துச் சேறாக்கிப் புரளும். அதற்கு அது சுகம், வளர்ப்பவருக்கு நட்டம்!

பட்டியைக் கழுவிய நீரே பெருங்கவலை. மண் மெலிந்த இடத்தில் அது பாறை வெடிப்பு வழியே அயலவர் கிணற்றைச் சென்றடையும். உரத்தாலும் மலக்குழியாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ளது. கைக்குழந்தைக்குப் பால்மாக் கரைக்க அந்நீர் ஆகாது. காய்ச்சினாலும் அது நீங்காது.