பளபளப்பு வேற, தெளிவு வேற

போன பெருநாள் லீவுக்கு எங்கட கூட்டாளி ஒருத்தன்ட காக்கா கட்டாரில இருந்து கல்முனைக்கு வந்தார். பெட்டிக்குள்ள ஒரு புளூரே பிளேயரும் நாலைஞ்சு டிஸ்க்கும் இருந்தன. எல்லாத்தையும் போன்ல பாக்கிற காலத்தில இது எதுக்கு என்றுதான் கேட்டோம். "இருந்து பாருங்கடா" என்றார்.

முதலில் போட்டது டேவிட் லீன் 1962இல் எடுத்த 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'. 65 எம்.எம். ஃபிலிமில் எடுத்த படம். 4கே தரத்தில் மறுசீரமைத்து 2012இல் புளூரேயாக வந்தது. கிணற்றடியில் ரெண்டு பேர் நிற்க, கானலுக்குள்ளிருந்து ஒமர் ஷரீஃப் ஒட்டகத்தில் வரும் காட்சியை ஏற்கனவே போன்ல பாத்திருந்தோம். அதில் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. டிஸ்க்கில் தொடக்கத்திலேயே ஒரு கறுப்புப் புள்ளி நடுங்கியது. அந்தக் காட்சியின் பயமே அந்தப் புள்ளிதான்.

கலைப் பீடத்துப் பொடியன்கள் எங்களுக்குக் கணக்கு விளங்க நேரமெடுத்தது. சின்ன வயதில் பாத்த விசிடியில் படம் 352×288 புள்ளி. டிவிடியில் 720×576. புளூரேயில் 1920×1080. புள்ளி மட்டும் காணாது, ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு ஓடுகிறது என்பதும் முக்கியம். புளூரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை ஓடலாம். தரவு குறைந்தால் முதலில் அடிவாங்குவது இருட்டுக் காட்சிகள். கறுப்பு, கட்டம் கட்டமாக உடையும். சத்தத்திலும் ஒரு விசயம்: 5.1 ஒலியை டீவியின் ரெண்டு ஸ்பீக்கரில் கேட்டால் வசனம் அமுங்கி, வெடிச்சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும். அது டிஸ்க்கின் பிழை இல்லை.

அடுத்தது 'பிரிடேட்டர்', 2010இல் வந்த புளூரே. "கண்ணாடி மாதிரி இருக்கு" என்று கத்தினோம். காக்கா சிரித்தார். "ஆர்னோல்டுட முகத்தப் பாருங்கடா, தோல் இருக்கா?" இல்லை. மெழுகு. ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் பொடிமணிகளை 'இரைச்சல்' என்று நினைத்துத் துடைத்திருந்தார்கள். படமே அந்த மணிகளால் ஆனது. அதைத் துடைத்தால் தோலும் சேர்ந்து போகும்.

அன்றைக்கு எல்லாம் விளங்கியது என்றுதான் நினைத்தோம்.

எங்களில் ஒருத்தனின் உம்மா வாப்பாட கலியாண வீடியோ ஒரு பழைய கெசட்டில் இருந்தது. சாய்ந்தமருதுக் கடற்கரையோரத்து வீட்டில் எடுத்தது. அவன்ட மூத்தம்மா 2004 சுனாமியில் மௌத்தாகும்போது அவனுக்கு ஒரு வயது. அவட குரலை அவன் கேட்டது அந்தக் கெசட்டில் மட்டும்தான். அதைக் கம்பியூட்டருக்கு மாற்றியவுடன் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சொஃப்ட்வெயாரில் போட்டு கோடுகளை எடுத்தோம், முகங்களைக் கூராக்கினோம், பின்னால் 'உஸ்' என்று கேட்டதையும் அழித்தோம். ரெண்டு இரவு வேலை. பெரிய சந்தோசத்தோடு அவன்ட உம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம்.

அவ கனநேரம் பேசாமல் பாத்திட்டு இருந்தா. பிறகு கேட்டா: "இது எங்கட உம்மா இல்லையே மகன். கன்னத்து மச்சம் எங்க? கடல் சத்தத்த ஏன் எடுத்தீங்க?"

நாங்கள் இரைச்சல் என்று அழித்தது அந்த வீட்டுப் பின்பக்கத்துக் கடல். ஆர்னோல்டின் முகத்தில் கண்டுபிடித்த பிழையையே மூத்தம்மாட முகத்தில் நாங்களும் செய்திருந்தோம்.

நல்லவேளை, துடைக்காத கொப்பி அழியவில்லை. இப்போது அதை மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். உங்கட வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு கெசட் இருக்கலாம். பூஞ்சணம் பிடிக்க முதல் மாற்றுங்கள். ஆனால் மாற்றிய முதல் கொப்பியில் கை வைக்காதீர்கள். எது இரைச்சல் என்று முடிவெடுக்க முதல், அந்த வீட்டில் இருந்த ஆக்களிடம் ஒருக்காக் கேளுங்கள்.